கூண்டுக் கதவை எப்போது திறந்தே விடலாம்? இளம் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முத்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு மாதக் குட்டி. மஞ்சள் நிற லேப்ரடார். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மா பாதி நாள் எங்களோடும் பாதி நாள் மதுரையில் அக்கா வீட்டிலும் இருப்பார். குட்டி வருவதற்கு முதல் நாளே கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கி ஹாலில் விரித்து வைத்தோம். கடைக்காரர்கள் கிரேட் என்று சொல்வார்களே, அதுதான். அம்மா அதைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன்டி, வாயில்லா ஜீவனை இப்படி அடைச்சு வைக்கிற? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

அன்று அம்மாவுக்கு என்னிடம் பதில் இருந்தது. குட்டி கண்டதையும் கடிக்கும், ஒயரைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து, இது கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். அந்தக் "கொஞ்ச நாள்" எப்போது முடியும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. முத்துவுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, போதும் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அது தப்பாகப் போனது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அப்புறம் நிதானமாக, படிப்படியாகச் செய்து பதினேழாவது மாதத்தில் முடித்தோம். அந்த அனுபவமும், அதற்காகக் கால்நடை மருத்துவரிடமும் மற்ற நாய் வளர்ப்பவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

முதலில், கூண்டு உங்கள் வீட்டில் என்ன வேலை பார்க்கிறது?

"எத்தனை மாதத்தில் எடுக்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கூண்டு எதற்காக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது மூன்று வேலை பார்க்கிறது.

ஒன்று, மூத்திரப் பழக்கம். நாய் தான் படுக்கும் இடத்தைக் கூடியவரை அசுத்தம் செய்யாது. அதனால் கூண்டுக்குள் அடக்கி வைத்து, வெளியே கூட்டிப்போன இடத்தில் போகப் பழகுகிறது. இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதின் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் தாங்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். இது மேல் வரம்பு, தினமும் அவ்வளவு நேரம் அடைத்து வைக்கலாம் என்பதற்கான அனுமதி இல்லை. இந்தப் பழக்கம் பல நாய்களுக்கு ஆறேழு மாதத்தில் படிந்துவிடும்.

இரண்டு, பல். குட்டிக்கு 28 பால்பற்கள். அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வந்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகும். அதுவரை ஈறு அரிப்பினால் கடிக்கும். பல் முளைத்து முடிந்ததும் கடிப்பது நின்றுவிடும் என்று நானும் நம்பினேன். நிற்காது. ஏழு மாதத்துக்குப் பிறகு தாடை வலுவாகிறது, பல் முழுப் பல்லாகிறது, கடிப்பது ஒரு பொழுதுபோக்காக மாறுகிறது. லேப் மாதிரி வாயாலேயே உலகத்தை அறிகிற இனங்களில் இது ஒன்றரை, இரண்டு வயது வரைகூட நீளும்.

மூன்று, ஓய்வு. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூங்க வேண்டும். வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் தூங்காமல் சுற்றிச் சுற்றி வந்து, களைத்துப்போய் எல்லாரையும் கடிக்கும். கூண்டு அதற்கு ஒரு மூலையைத் தருகிறது.

இந்த மூன்றும் ஒரே நாளில் முடிவதில்லை. மூத்திரப் பழக்கம் படிந்துவிட்டது என்பதற்காகக் கூண்டை எடுத்தால், பல்லின் வேலை இன்னும் பாக்கி இருக்கும். நான் செய்த தப்பு அதுதான். உங்கள் வீட்டில் எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

நான்காவதாக ஒரு வேலையைப் பலர் கூண்டின் தலையில் கட்டுகிறார்கள்: தனியாக விட்டால் பயந்து அலறும் நாயை அடக்கி வைப்பது. அது கூண்டால் ஆகாத காரியம். அதைத் தனியாகப் பேசுவோம்.

ஒரு வயது ஆனால் போதுமா?

போதாது. ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். பெரிய இனங்களுக்கு இரண்டு வயது வரை. கற்றுக்கொண்டதை மறந்ததுபோல் நடக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போகும். ஐந்தாவது மாதத்தில் தங்கமாக இருந்த குட்டி ஒன்பதாவது மாதத்தில் சோபாவைக் கிழிப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் வளர்ப்பில் குறை எதுவும் இல்லை.

இனமும் வீடும் கணக்கை மாற்றும். மதுரையில் அக்கா ஒரு நாட்டு நாய் வளர்க்கிறாள், பெயர் செல்லி. காம்பவுண்டு உள்ள தனி வீடு, திண்ணை, கொல்லைப்புறம், பகல் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்கள். செல்லிக்குக் கூண்டே வாங்கவில்லை, தேவையும் படவில்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய்களுக்கு ஓட இடம் வேண்டும்; ஓட்டம் இல்லாமல் கூண்டில் பல மணி நேரம் வைப்பது அவற்றுக்குப் பெரிய கொடுமை. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்கு எத்தனை மாதத்தில் எடுத்தார்கள் என்பதை வைத்து உங்கள் நாய்க்கு முடிவு செய்யாதீர்கள்.

நாய் தயாராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நான் ஒரு பழைய டைரியை எடுத்து இரண்டு மாதம் எழுதி வைத்தேன். தினமும் இரண்டு வரிதான். எங்கே தூங்கினான், எதைக் கடித்தான், எதையாவது நனைத்தானா. ஞாபகத்தை நம்பினால் நல்ல நாட்கள் மட்டும்தான் நினைவில் நிற்கும். டைரியில் நீங்கள் தேட வேண்டியது இவை.

வீட்டுக்குள் அசுத்தம் செய்து குறைந்தது எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். மழை நாட்களையும் சேர்த்துத்தான் எட்டு வாரம், ஏனென்றால் நவம்பர் மழையில் வெளியே போகப் பிடிக்காமல் பல நாய்கள் பழையபடி பால்கனியில் போக ஆரம்பிக்கும்.

நீங்கள் வீட்டில் இருந்தும் அதைக் கவனிக்காமல் வேறு வேலையில் இருக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீங்கள் சமையலறையில் இருக்கும் நாற்பது நிமிடத்தில் அது தானாகப் போய்ப் படுத்துக்கொள்கிறதா? இல்லை, சத்தமே வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால் வாயில் செருப்பு இருக்கிறதா? நீங்கள் வீட்டில் இருக்கும்போதே செருப்பைத் தேடுகிற நாய், நீங்கள் இல்லாதபோது செருப்பு ஸ்டாண்டையே காலி செய்யும்.

கடிக்கத் தோன்றும்போது தன் பொம்மையைத் தேடிப் போகிறதா, கைக்குக் கிடைத்ததைக் கடிக்கிறதா என்பதையும் குறித்து வையுங்கள். "விடு" என்று சொன்னால் வாயில் இருப்பதை விடுகிறதா என்பதையும்.

காலிங் பெல் அடித்தால், சிலிண்டர் போடுகிறவர் வந்தால், சுவரில் பல்லி ஓடினால் என்ன செய்கிறது? முத்துவுக்குப் பல்லி என்றால் உயிர். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பான், அப்புறம் திடீரென்று டிவி ஸ்டாண்டு மேல் பாய்வான். இப்படி ஒன்று உங்கள் நாய்க்கும் இருந்தால், அது அடங்கும்வரையாவது கண்ணாடிப் பொருட்கள் உள்ள அறையில் தனியாக விட வேண்டாம்.

கடைசியாக, கூண்டுக்குள் இருக்கும்போது அது நிம்மதியாகத் தூங்குகிறதா என்று ஒருநாள் கேமராவில் பாருங்கள். தனிக் கேமரா வாங்க வேண்டியதில்லை. பழைய மொபைலை அலமாரியில் நிறுத்தி வீடியோ கால் போட்டுவிட்டுப் போனாலே போதும். கூண்டில் தூங்கும் நாய் பெரும்பாலும் வெளியிலும் தூங்கும். கூண்டில் மூன்று மணி நேரம் விழித்துக்கொண்டு கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அதற்குப் போதிய நடையும் விளையாட்டும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்; பயமாகவும் இருக்கலாம், அதைப் பின்னால் பார்ப்போம். கதவைத் திறந்துவிட்டாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

எப்போது ஆரம்பிக்கக் கூடாது

தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம், பிந்தைய இரண்டு வாரம் வேண்டாம். வெடிச் சத்தத்தில் பயந்த நாய்க்கு அந்த நேரத்தில் தன் மூலை வேண்டும். வீடு மாறும்போது, வீட்டில் விசேஷம் வைத்திருக்கும்போது, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை முடிந்து தையல் ஆறும் பத்துப் பதினான்கு நாட்களில் வேண்டாம். பெண் குட்டியாக இருந்தால் முதல் ஹீட், அதாவது இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம், வரும் நேரத்திலும் வேண்டாம். அது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும், பெரிய இனங்களுக்கு இன்னும் தள்ளிப்போகலாம்.

அறையைத் தயார் செய்வது

வீடு முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரே ஓர் அறை. எங்களுக்கு அது ஹால். சமையலறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கேட் ஒன்றை மாட்டினோம், படுக்கையறைக் கதவுகளைச் சாத்தினோம். காற்றோட்டமும் டைல்ஸ் தரையும் உள்ள அறையாகப் பாருங்கள். சென்னை வெயிலில் நாய்க்கு மெத்தையைவிடக் குளிர்ந்த தரைதான் பிடிக்கும்.

அப்புறம் முழங்காலிட்டு, நாயின் உயரத்துக்குக் குனிந்து அறையைச் சுற்றி வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை எல்லாம் அப்போது தெரியும். நான் அப்படிச் சுற்றியபோது சோபாவுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 230 வோல்ட் மின்சாரத்தோடு தரையில் கிடந்தது. ஒரு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

நம் வீடுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெங்காயத்தையும் பூண்டையும் திறந்த கூடையில் தரையிலேயே வைப்போம். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சைப் பொட்டலம், பச்சைத் திராட்சை, சாக்லேட் எல்லாம் உயரமான அலமாரிக்குப் போக வேண்டும். திராட்சை சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பூஜை அலமாரியில் கற்பூரம், துணி அலமாரியில் பாச்சை உருண்டை, பிளக்கில் செருகிய கொசுவத்தி திரவம், குளியலறையில் பினாயில், அடுப்புக்கு அடியில் எலி மருந்து. அப்பா அம்மாவின் மாத்திரைகள் சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். தலைவலிக்கு நாம் சாதாரணமாகப் போடும் வலி மாத்திரைகள்கூட நாய்க்கு ஆபத்தானவை. பால்கனித் தொட்டியில் அரளி இருந்தால் வெளியேற்றுங்கள். அது இலை முதல் வேர் வரை விஷம்.

குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், அதுவும் காலால் மிதித்துத் திறக்கும் மூடி இல்லை, நாய் மூக்கால் தள்ளினால் திறக்காத மூடி. மே மாதத்தில் இது மிக முக்கியம். மாங்கொட்டையை நாய் முழுதாக விழுங்கிவிடும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும், பல நேரம் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டும் அப்படித்தான்.

விளக்கு ஏற்றி வைத்துவிட்டு நாயைத் தனியே விட்டுப் போகாதீர்கள். வால் ஒன்று போதும்.

முதல் படி: நீங்கள் இருக்கும்போது திறந்த கதவு

பகலில் அது வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் கூண்டுக்குள் போகச் சொல்லுங்கள், ஆனால் கதவைச் சாத்தாதீர்கள். கதவு ஆடி முதுகில் இடிக்காமல் ஒரு கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள். நீங்கள் அதே அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். ஒன்றும் சொல்ல வேண்டாம். தானாகப் படுத்ததும், தூக்கத்தைக் கலைக்காமல், ஒரு பிஸ்கட்டை முன்னங்கால் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள்.

முத்து மூன்றாவது நாளே கூண்டை விட்டு வந்து மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டான். அதுவும் சரிதான். கூண்டிலேயே படுக்க வேண்டும் என்பதில்லை, தானாக அடங்கிப் படுக்கப் பழகினால் போதும். இப்படி ஒரு வாரம், பத்து நாள்.

இரண்டாவது படி: இரவு

பலர் இதைக் கடைசிக்கு வைக்கிறார்கள். நான் முன்னால் கொண்டுவரச் சொல்வேன். இரவில் நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், வீடு இருட்டாக, அமைதியாக இருக்கிறது, நாயும் நாள் முழுக்க ஓடிக் களைத்திருக்கிறது. தவறு நடக்க வாய்ப்பு குறைவு.

கூண்டைப் படுக்கையறைக்குக் கொண்டுபோங்கள். பத்து மணிக்கு ஒருமுறை கீழே கூட்டிப்போய் ஒன்றுக்குப் போக வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூண்டுக் கதவைத் திறந்து வையுங்கள். சார்ஜர், மூக்குக் கண்ணாடி, இயர்போன், சாக்ஸ் எதுவும் எட்டும் உயரத்தில் வேண்டாம். முதல் வாரம் நடு இரவில் எழுந்து உலாவும், உங்கள் முகத்தில் மூச்சு விடும். "போய்ப் படு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். எழுந்து கொஞ்சினால் தினமும் மூன்று மணிக்கு எழுப்பும்.

இரண்டு வாரம் இரவுகள் ஒழுங்காகப் போனால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாவது படி: தனியாக, அறைக்குள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது.

போவதற்கு முன் நடை வேண்டும். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடும் நடையைவிட, மோப்பம் பிடித்தபடி மெதுவாகப் போகும் முப்பது நிமிடம் நாயை நன்றாகக் களைக்க வைக்கும். திரும்பி வந்து தண்ணீர், சாப்பாடு, கொஞ்ச நேரம் அமைதி. கிளம்பும்போது நக்கித் தின்ன ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள். நான் காங் ரப்பர் பொம்மையில் தயிர்சாதம் அடைத்து முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைப்பேன். உப்பு, தாளிப்பு, மிளகாய், பெருங்காயம் எதுவும் இல்லாத வெறும் தயிர்சாதம். உருகி உருகித் தின்று முடிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

முதல் நாள் ஐந்து நிமிடம். கதவைப் பூட்டிக்கொண்டு கீழே போய் வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வாருங்கள். மொபைலில் பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் பத்து, இருபது, முப்பது. பிரச்சினை வருவதானால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அரை மணியைத் தாண்டித் தூங்க ஆரம்பித்த நாய் ஒரு மணி நேரத்தையும் தாண்டும்.

நேரத்தை ஏணி மாதிரி ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். இன்று நாற்பது நிமிடம் என்றால் நாளை பத்து, அடுத்த நாள் ஒரு மணி நேரம், அதற்கடுத்த நாள் இருபது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட நீளும் என்று நாய்க்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் சாவியைக் கையில் எடுத்ததுமே பதற ஆரம்பிக்கும். போகும்போதும் வரும்போதும் பெரிதாகக் கொஞ்ச வேண்டாம்.

இந்தக் காலத்தில் நீண்ட நேரம் வெளியே போக வேண்டி வந்தால் என்ன செய்வது? பழையபடி கூண்டுக்குள் விடுங்கள், தவறில்லை. பழகியது இருபது நிமிடம்தான் என்றால் மூன்று மணி நேரத்துக்கு அறையை நம்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்துக்கு வர எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் இளம் நாயைத் தனியாக விடாமல் இருப்பது நல்லது, அது அறையாக இருந்தாலும் சரி, கூண்டாக இருந்தாலும் சரி. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா மதியம் ஒரு மணிக்கு வந்து அவனைக் கீழே கூட்டிப்போய் வருவார். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கிறோம். வாசல் கதவைத் திறக்கும்போது கால்களுக்கு நடுவில் பாய்ந்து ஓடாமல் இருக்க, முதலில் வெளிக் கேட்டைச் சாத்திவிட்டு அப்புறம் கதவைத் திறக்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லி, முத்துவுக்கும் பழக்கினோம். உங்கள் வீட்டில் சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நான்காவது படி: மற்ற அறைகள்

ஹாலில் ஒரு மாதம் நல்லபடியாகப் போனால் இன்னொரு அறை. ஒவ்வொரு புது அறைக்கும் நேரத்தைக் குறைத்து ஆரம்பியுங்கள், நாய்க்கு அது புது இடம் மாதிரிதான். சமையலறையை நான் இன்றுவரை திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை. பால்கனியும் அப்படியே, புறாவைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிய நாய்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

தவறு நடந்தால்

இப்போது அந்த ஒன்பதாவது மாதக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக் கல்யாணம். நான்கு மாதமாக வீட்டில் ஒரு துளி அசுத்தம் இல்லை, அதனால் கதவைத் திறந்துவிட்டு ஐந்து மணி நேரம் போய்விட்டோம். திரும்பி வந்தபோது இலவம்பஞ்சு மெத்தை வீடு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அதைவிட, அலமாரிக்குக் கீழே இருந்த சாக்ஸில் ஒன்றைக் காணவில்லை. அவன் வால் ஆட்டிக்கொண்டு நிற்கிறான், நான் அழுதுகொண்டே ஒவ்வொரு மூலையாகத் தேடுகிறேன். எப்போது விழுங்கினான் என்றே தெரியாது. மருத்துவமனைக்கு ஓடினோம். வாந்தி வர ஊசி போட்டார்கள், முழு சாக்ஸும் வெளியே வந்தது. விழுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் பெரும்பாலும் இப்படி எடுக்க முடியும் என்றார் மருத்துவர். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள் என்றும் சொன்னார். அது உயிருக்கே ஆபத்தாகலாம், பினாயில் மாதிரி எரிச்சலூட்டும் பொருளாக இருந்தால் வெளியே வரும்போது தொண்டையையும் புண்ணாக்கும்.

தப்பு முத்துவுடையது இல்லை. ஐந்து நிமிடம்கூடத் தனியாகப் பழகாத நாயை ஐந்து மணி நேரம், முழு வீட்டோடு விட்டது நான்.

ஆக, ஏதாவது சேதம் நடந்தால் இரண்டு படி பின்னால் போங்கள். திரும்பி வந்து திட்டாதீர்கள், கிழிந்ததை முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். எப்போதோ செய்ததற்கும் நீங்கள் இப்போது கத்துவதற்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரியாது. நீங்கள் வீட்டுக்கு வருவதுதான் பயம் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் மூத்திரம் போனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று இருக்கலாம்.

பொழுதுபோகாமல் கடிப்பதும் பயத்தில் கடிப்பதும்

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பொழுதுபோகாத நாய் சுவையானதைத் தேடும்: செருப்பு, தலையணை, குப்பைத் தொட்டி. நடுநடுவே தூங்கும். கொடுத்த தயிர்சாதத்தைத் தின்றிருக்கும்.

பயந்த நாய் வெளியேறும் வழியைத் தேடும். கதவுச் சட்டம், ஜன்னல், தாழ்ப்பாள் பக்கம் பிறாண்டியிருக்கும். நீங்கள் படி இறங்குவதற்குள் ஊளையிட ஆரம்பிக்கும். எச்சில் ஒழுகித் தரை நனைந்திருக்கும். உயிரான தின்பண்டத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. இப்படிப்பட்ட நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். அதற்கு வயதும் படியும் பார்க்க வேண்டாம், இன்றே கூண்டை நிறுத்துங்கள். கொஞ்ச நாள் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, நாய்களின் நடத்தை பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள். இது பிரிவுப் பதற்றம். பயிற்சியும் சில நேரம் மருந்தும் தேவைப்படும் உண்மையான நோய்.

கூண்டை உடனே நிறுத்த வேண்டிய சூழ்நிலை வேறு சிலவும் உண்டு. நாய் உள்ளே எழுந்து நிற்கவோ சுற்றித் திரும்பவோ முடியாத அளவு வளர்ந்துவிட்டால். பகலில் எட்டு, ஒன்பது மணி நேரம் அதற்குள் கிடந்துவிட்டு இரவிலும் அதற்குள்ளேயே தூங்குகிறது என்றால். ஏப்ரல், மே மாதங்களில் மின்சாரம் போனால் மின்விசிறி நிற்கும் வீட்டில், பகலில் பூட்டிய கூண்டு வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சென்னையின் ஈரக்காற்றில் அதுவும் சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த தரைக்கு நகரக்கூட வழியில்லாமல் அடைபட்டிருந்தால் வெப்பத் தாக்கு வந்துவிடும்.

சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அதைப் படித்த அன்று அம்மா முதல் நாள் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. கூண்டு வேண்டாம் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அம்மாவின் கேள்வியை ஒவ்வொரு மாதமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

காலியான கூண்டை என்ன செய்வது?

விற்றுவிடாதீர்கள். கதவு பூட்டும் பழக்கம் போகலாம், கூண்டுக்குள் போகும் பழக்கம் போகக் கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு, நாய்க் காப்பகத்தில் இரண்டு நாள் விடுவது, கார்ப் பயணம் எல்லாவற்றுக்கும் அது உதவும். ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூப்பேயையோ கேபினையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்ப் பெட்டியில்தான் போக வேண்டும். அடைபட்ட இடத்துக்குப் பழகாத நாய்க்கு அது பெரிய சித்திரவதை. மாதத்துக்கு இரண்டு முறையாவது சாப்பாட்டைக் கூண்டுக்குள் வைத்து, கதவைப் பத்து நிமிடம் சாத்தித் திறங்கள்.

முத்துவுக்கு இப்போது இரண்டு வயது நெருங்குகிறது. கூண்டு படுக்கையறை மூலையில் கதவு பின்னுக்குக் கட்டியபடி இருக்கிறது. பெரும்பாலும் அவன் அதில் படுப்பதில்லை, ஃபேனுக்கு அடியில்தான். போன தீபாவளிக்கு மாலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் முதல் வெடி வெடித்ததும் தானாக எழுந்து போய் அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டான். அம்மா அன்று இங்கேதான் இருந்தார். தன் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து வந்து கூண்டின் மூன்று பக்கமும் போர்த்திவிட்டு, திறந்திருந்த வாசல் பக்கம் பாயை விரித்து, சத்தம் ஓயும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தார்.